வீராம்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு வந்த குருமடம்

சுங்கை வே, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளில் ஒருவர் குருவாக விரும்பினால், அவர் படிக்கச் செல்லும் இடம் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் உள்ள 'காலேஜ் ஜெனரல்' குருமடம் ஆகும். தீபகற்ப மலேசியாவின் மூன்று மறைமாவட்டங்களுக்கும் குருக்களை உருவாக்கும் இக்கல்லூரி, ஒரு காலத்தில் புதுச்சேரி அருகே உள்ள வீராம்பட்டினத்தில் இயங்கியது என்பது பலர் அறியாத செய்தி.

தொடக்கம்

பாரிஸ் அந்நிய மறைபணிச் சங்கத்தார் 1665-இல் சயாமின் தலைநகரான அயோத்தியாவில் இக்கல்லூரியைத் தொடங்கினர். வியட்நாமிலும் சீனாவிலும் கிறிஸ்தவத்திற்குத் தடைகள் இருந்ததால், அந்நாட்டு இளைஞர்களை வெளியே அழைத்து வந்து பயிற்சி அளித்துத் திருப்பி அனுப்புவதே நோக்கம். வெளிநாட்டுக் குரு ஊருக்குள் நுழைந்தால் எளிதில் பிடிபடுவார். அந்த மண்ணின் பிள்ளை மக்களோடு மக்களாக இருக்க முடியும்.

1659-இல் ரோமாபுரி இந்த மறைபணியாளர்களுக்கு வழங்கிய அறிவுரையும் குறிப்பிடத்தக்கது. சமயத்திற்கும் நல்லொழுக்கத்திற்கும் வெளிப்படையாக முரணாக இல்லாதவரை, மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றச் சொல்லக் கூடாது என்று அது கூறியது. உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

தமிழ் மண்ணில்

1760-களில் பர்மியப் படைகள் அயோத்தியாவை அழித்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் ஹா தியென் பகுதிக்குத் தப்பிச் சென்றனர். அங்கும் தாக்குதல் நேரவே, 1770-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தனர். செங்கழுநீரம்மன் ஆடித் தேருக்குப் பெயர் பெற்ற வீராம்பட்டினத்தில் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது.

அதற்குத் தலைமை தாங்கிய பிஞோ தெ பெஹேன், வியட்நாமிய மாணவர்களின் துணையோடு வியட்நாம்-லத்தீன் அகராதி ஒன்றை இங்கேயே தொகுத்தார். அக்கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்ட அகராதி 1838-இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சானது. பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் இன்றும் நிற்கும் செங்கல் சுவர்கள் அக்காலத்து மறைபணி இல்லத்தின் எச்சங்கள் ஆகும். ரோமானியரோடு தமிழர் செய்த வாணிகத்திற்குச் சான்று தந்த அதே அரிக்கமேடுதான் இது.

பினாங்கில்

வீராம்பட்டினக் கல்லூரி 1780-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், 1808-இல், சீன மாணவர்கள் சிலரோடு பினாங்கில் அது மறுபிறவி எடுத்தது. புலாவ் திக்குஸ் வளாகத்தில் பல நாட்டு மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படித்தனர். அவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி லத்தீன்.

இங்குப் பாடம் நடத்திய இம்பேர், சாஸ்தான் ஆகிய இருவரும் பின்னர் கொரியா சென்றனர். அங்கே கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டபோது, மக்களின் உயிரைக் காக்க எண்ணி ஆயர் இம்பேர் சரணடைந்தார். தோழர்களையும் சரணடையச் சொன்னார். 1839 செப்டம்பர் 21-ஆம் தேதி அவர்கள் தலை துண்டிக்கப்பட்டது. பினாங்கில் படித்த வியட்நாமியக் குரு பிலிப் மின் 1853-இல் கொல்லப்பட்டார். முன்னவர் இருவரும் 1984-இலும், பிலிப் மின் 1988-இலும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். அக்காலத்தில் பயிற்சி முடித்து ஊர் திரும்புவது என்பது உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்தது.

என்ன படிக்கிறார்கள்?

இன்று நிலைமை வேறு. பிற நாடுகளில் சொந்தக் குருமடங்கள் உருவானதால், காலேஜ் ஜெனரல் பெரும்பாலும் உள்நாட்டுத் தேவைக்கே பயிற்சி அளிக்கிறது. சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டு மறைபணியாளர்களுக்குக் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் வந்தன. அதனால் இந்நாட்டுப் பிள்ளைகளே குருக்களாக வேண்டிய தேவை கூடியது.

திருச்சபைச் சட்டப்படி குருத்துவ மாணவர் குறைந்தது ஈராண்டு மெய்யியலும் நான்காண்டு இறையியலும் பயில வேண்டும். பங்குகளில் தங்கிப் பெறும் களப்பயிற்சியும் உண்டு. புரோட்டஸ்டண்ட் சபையினருக்கு, 1979-இல் தொடங்கப்பட்டு இப்போது சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரி உள்ளது.

மொழி என்னும் பாலம்

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 249-ஆவது விதி, குருத்துவ மாணவர்கள் தாய்மொழியைச் செம்மையாகக் கற்க வேண்டும் என்கிறது. பணிக்குப் பயன்படும் பிற மொழிகளும் தேவை என்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் விதி அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் திருப்பலி மக்கள் மொழிக்கு மாறியது. தமிழில் திருப்பலி நிறைவேற்றவும், நோயுற்ற மூதாட்டியின் ஒப்புரவைத் தமிழில் கேட்கவும், துக்க வீட்டில் தமிழில் ஆறுதல் சொல்லவும் குரு வேண்டும்.

சுங்கை வே வட்டாரத்தில் 1970-களில் தடையற்ற வாணிப மண்டலம் வந்தது. தோட்டத்து லயங்களில் ஒன்றாக வாழ்ந்த மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர். லயத்தில் கதவைத் தட்டினால் போதும் என்றிருந்த பங்குப் பணி, இன்று ஒவ்வொரு மாடியாகத் தேடிச் செல்லும் பணியாகிவிட்டது.

வியட்நாம் மாணவர்களுக்காக வீராம்பட்டினத்தில் அகராதி தொகுத்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: மக்களின் மொழி தெரியாதவர் மக்களிடம் போய்ச் சேர முடியாது. பினாங்குக்குப் பெட்டியைக் கட்டும் தமிழ்ப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டிய முதல் பாடமும் அதுவே. அந்தப் பாடத்தைச் சொல்லித்தரும் இடம் வீடும் தமிழ்ப்பள்ளியும்தான்.