மனித மூளையின் பகுதிகள்

மூளை என்பது மனித நரம்பு மண்டலத்தின் தலைமை உறுப்பாகும். வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது சுமார் 2 விழுக்காடே. ஆயினும் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. இதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என்பன இதன் முதன்மைப் பகுதிகள்.

பெருமூளை

மூளையின் மிகப் பெரிய பகுதி இதுவாகும். இது வலம், இடம் என இரு அரைக்கோளங்களாகப் பிரிந்துள்ளது. வல அரைக்கோளம் உடலின் இடப்பக்க அசைவுகளையும், இட அரைக்கோளம் வலப்பக்க அசைவுகளையும் கட்டுப்படுத்துகின்றன. பெரும்பாலானோருக்கு மொழித்திறன் இட அரைக்கோளத்தைச் சார்ந்துள்ளது. இதனாலேயே மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிற் பலருக்கு வலக்கை செயலிழப்பதுடன் பேச்சும் தடைப்படுகிறது.

ஒவ்வொரு அரைக்கோளமும் நான்கு மடல்களைக் கொண்டது. சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ மிதிவண்டியில் கடக்க முற்படும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். தொலைவில் வரும் லாரியின் உருவத்தைத் தலையின் பின்புறமுள்ள பிடரி மடல் அறிகிறது. அதன் ஒலிப்பானைக் காதருகே உள்ள பொட்டு மடல் உணர்கிறது. கைப்பிடியின் தொடுகையை உச்சி மடல் அறிகிறது. நிற்பதா, கடப்பதா என முடிவெடுத்து விரல்களுக்கு ஆணையிடுவது நெற்றி மடலாகும். எனினும் இம்மடல்கள் தனித்தனியே இயங்குவதில்லை. ஒரே செயலில் பல பகுதிகள் சேர்ந்து பங்கேற்கின்றன. மனிதர் மூளையில் 10 விழுக்காட்டையே பயன்படுத்துகின்றனர் என்னும் பரவலான கூற்று தவறானதாகும்.

சிறுமூளை

பெருமூளையின் கீழே பின்புறம் அமைந்துள்ளது. உடலின் சமநிலையையும் தசைகளின் ஒத்திசைவையும் பேணுகிறது. மேற்கூறிய மாணவர் விழாமல் மிதிவண்டி ஓட்டுவது இதன் துணையாலேயே. மது அருந்தியவர் தள்ளாடுவதற்கு இப்பகுதியின் செயல் குன்றுவது ஒரு காரணமாகும்.

மூளைத்தண்டு

நடுமூளை, பான்ஸ், முகுளம் ஆகியவை அடங்கிய இப்பகுதி மூளையைத் தண்டுவடத்துடன் இணைக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல் முதலியவற்றை முகுளம் ஒழுங்குபடுத்துகிறது. உறக்கத்திலும் மூச்சு நிற்காதிருப்பது இதனாலேயே. அளவிற் சிறியதாயினும் இப்பகுதியில் ஏற்படும் காயம் உயிரைப் பறிக்கக்கூடும்.

பாதுகாப்பு

மண்டையோடு, மூன்று உறைகள், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகியன மூளையைக் காக்கின்றன. மூளை கெட்டித்தயிர் போன்று மிக மென்மையானது. வாகனத்திலிருந்து விழுபவரின் தலை தரையில் மோதித் திடீரென நின்றாலும், உள்ளே மூளை தொடர்ந்து நகர்ந்து எலும்பில் மோதுகிறது. ஆகவே மண்டையோடு உடையாமலும் மூளை காயமடையலாம். தலைக்கவசத்தின் உட்புறமுள்ள நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்பதற்கான நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. அதனால் மூளையின் மீதான விசை குறைகிறது. மோட்டார் வண்டி ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடு குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வார்ப்பட்டையைப் பூட்டாவிடில் கவசம் கழன்றுவிடக்கூடும். இறந்த நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதியவை பெரும்பாலும் தோன்றுவதில்லை. பயிற்சியின் மூலம் மீண்டுள்ள பகுதிகள் இழந்த பணியிற் சிலவற்றை ஏற்பதுண்டு.

ஆய்வுகள்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் மருத்துவர் பா. இராமமூர்த்தி நரம்பு அறுவை மருத்துவப் பணியைத் தொடங்கினார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள குழந்தையின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்து, 5,132 படங்கள் கொண்ட 'தரணி' என்னும் முப்பரிமாணத் தொகுப்பை 2024 திசம்பரில் வெளியிட்டது. இத்தொகுப்பை எவரும் கட்டணமின்றி இணையத்தில் காணலாம்.