ஒன்றும் குறைவில்லாத சபை

கி.பி. 60-இல் ஆசியா மாகாணத்து லவோதிக்கேயாவை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. ரோம வரலாற்றாசிரியர் தாசித்து இச்செய்தியை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார். ரோமிடம் உதவி பெறாமல் அந்நகரம் தன் செல்வத்தாலேயே மீண்டெழுந்தது என்பதே அவர் கண்ணில் பட்ட விசேஷம். கி.பி. 17-இல் இதே மாகாணத்தில் சர்தை இடிந்தபோது, திபேரியு ராயன் ஒரு கோடி செஸ்டர்ஸ் கொடுத்து, ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்திருந்தான். கி.பி. 60-இல் லவோதிக்கேயருக்கு அப்படி யார் முன்னும் கைநீட்டும் நிலை வரவில்லை.

வீண் பெருமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கி.மு. 51-இல் கிலிக்கியாவின் ஆளுநராகப் புறப்பட்ட சிசரோ, தன் பண உண்டியல்களை மாற்றிக்கொண்டது இவ்வூரில்தான். இங்குள்ள ஆடுகளின் கரிய கம்பளி எவ்வளவு மிருது என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதிவைத்தார். ஊர்ப் பொதுவுக்கு 2,000 தாலந்துக்கும் மேல் விட்டுச்சென்ற ஒரு செல்வரையும், பக்கத்தில் நடந்த மருத்துவக் கல்விக்கூடத்தையும் அவரே குறிப்பிடுகிறார். நிலநடுக்கத்துக்குப் பின் இருபது ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு தனிமனிதர் தன் கைப்பணத்தில் ஊருக்கு விளையாட்டரங்கமே கட்டிக்கொடுத்தார்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழாவது கடிதம் இந்த ஊரின் சபைக்குப் போகிறது. டொமிசியான் ஆட்சியின் கடைசியில், ஏறத்தாழ கி.பி. 95-இல், அது எழுதப்பட்டதாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அப்படியானால், அதைக் கேட்ட நரைத்த தலைகளுக்கு அந்த இடிபாடும் மறுகட்டுமானமும் நேரில் கண்டவை. மற்றச் சபைகளுக்குப் போன கடிதங்களில் கள்ளத் தீர்க்கதரிசினி உண்டு, விக்கிரகப் படையல் உண்டு, சிறைவாசம் உண்டு. லவோதிக்கேயாவின் மேல் இப்படி ஒரு குற்றமும் இல்லை; அதற்கு இப்படி ஓர் உபத்திரவமும் இல்லை. அதே சமயம் ஒரு பாராட்டும் இல்லை. செத்த சபை என்று பெயர் வாங்கிய சர்தையில்கூட வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத சிலர் இருந்தார்கள். ஏழைச் சபையான சிமிர்னாவை ஆண்டவர் ஐசுவரியமுள்ளதென்கிறார். லவோதிக்கேயாவோ தன்னைத்தானே ஐசுவரியவான் என்கிறது, தனக்கு ஒன்றும் தேவையில்லை என்கிறது. தாசித்து ஊரைப் பற்றி வியந்து எழுதியதை, சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுவிட்டது. ஊருக்குச் சிறப்பான ஒன்று சபைக்குள் வந்ததும் நோயாகிப்போனது. பரிகாரமாகச் சொல்லப்படுபவையும் ஊர்ச் சரக்குகளையே குத்துகின்றன: பணம் புழங்கும் ஊருக்கு வேறு பொன், கரிய கம்பளி ஊருக்கு வெள்ளை வஸ்திரம், மருத்துவர்கள் ஊருக்குக் கண்ணுக்கிடும் கலிக்கம்.

அனலுமின்றிக் குளிருமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று சபையைக் கடியும் இந்தக் கடிதம் நம் பிரசங்க மேடைகளில் ஒரு காய்ச்சல்மானி ஆகிவிட்டது. அனல் என்றால் விசுவாசி, குளிர் என்றால் அவிசுவாசி, வெதுவெதுப்பு என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன். ஆகவே மருந்து, சூட்டை ஏற்றுவது. உபவாசக் கூட்டம், எழுப்புதல் கூட்டம், பாட்டு இன்னும் உரக்க, ஒலிபெருக்கி இன்னும் இரண்டு. இதில் ஓர் இடறல் இருக்கிறது. குளிராயிருந்தாலும் நலமாயிருக்கும் என்றல்லவா கடிதம் சொல்கிறது? குளிர் அவிசுவாசமானால், ஆண்டவர் அவிசுவாசத்தையா விரும்புகிறார்?

1957-இல் ரட்விக், கிரீன் என்ற இருவர் ஊரின் நிலவியலில் விடை தேடினார்கள். வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலி. அதன் வெந்நீரூற்றுகள் படியவைத்த வெள்ளைப் பாறைச் சரிவு லவோதிக்கேயாவிலிருந்தே தெரியும். தென்கிழக்கே கொலோசெயில் குளிர்ந்த நல்ல நீர். லவோதிக்கேயாவுக்கோ தெற்கிலிருந்து குழாயில் வந்த தண்ணீர். கல்லைக் கட்டைகளாக அறுத்து, நடுவில் துளையிட்டு, ஒன்றோடொன்று பொருத்திய குழாய் அது. இன்றும் சிதறிக் கிடக்கும் துண்டுகளின் உள்ளே சுண்ணாம்பு தடித்துப் படிந்து, நீர் போன வழி குறுகியிருப்பதைக் காணலாம். வெந்நீர் உடம்புக்கு இதம், குளிர்ந்த நீர் தாகத்துக்கு இதம், இடைப்பட்டது வாயில் வைக்க ஆகாது என்பது அவர்கள் வாதம். 2003-இல் கோஸ்டர் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். அக்கால விருந்துகளில் பானத்தைச் சூடாகவோ குளிரவைத்தோ பரிமாறும் வழக்கமே போதிய விளக்கம், குழாயைத் தேடிப் போக வேண்டாம் என்றார். எனக்குக் கோஸ்டர் பக்கமே சாய்வு. அதே கடிதத்தின் முடிவில் ஒரு விருந்து காத்திருக்கிறது. எதைக் கொண்டாலும் காய்ச்சல்மானி உடைந்துபோகிறது. உணர்ச்சி குறைந்ததல்ல அங்கே பேச்சு. விருந்தாளி வாயில் வைக்க முடியாதபடி சபை இருந்தது. அது அதற்கே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் தெரியாமல் போகும்.

விருந்தாளி நிற்கும் இடத்தையும் நாம் மாற்றிவிட்டோம். கதவைத் தட்டும் இயேசுவின் படம் நம் வீட்டுச் சுவர்களில் நெடுங்காலமாகத் தொங்குகிறது. அக்காட்சியை உலகெங்கும் பரப்பியது ஹோல்மன் ஹண்ட் 1850-களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியம். கதவில் வெளிப்பக்கம் கைப்பிடி வைக்காமல் விட்டார் அவர். நற்செய்திக் கூட்டங்களில் வாசற்படியிலே நின்று தட்டுகிறேன் என்ற இக்கடிதத்து வசனம் எடுக்கப்படுவது, இன்னும் சபைக்குள் வராதவர்களுக்காக. ஆனால் கடிதத்தின் முகவரி சபை. உள்ளே ஆராதனை ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, அந்த ஆராதனைக்குரியவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

சபையின் சிறப்பு மலரில் இதை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. மலர் என்றாலே கோபுரத்தின் உயரம், கட்டட நிதி, சலவைக்கல்லில் பொறித்த நன்கொடையாளர் பெயர், புதிய ஜெனரேட்டர். இவற்றில் தவறில்லை. செயலாளர் அறிக்கைகள் மட்டும் பெரும்பாலும் ஒரு குறைவும் இல்லாமல் கர்த்தர் நடத்தினார் என்ற தொனியிலேயே முடியும். லவோதிக்கேயரும் ஸ்தோத்திரத்தோடுதான் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பின்னர் அந்தச் சபை என்ன ஆனது? முதல் தலைமுறையில் எப்பாப்பிரா அவர்களுக்காக மிகுந்த ஜாக்கிரதையுள்ளவராயிருந்ததைக் கொலோசெயருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சகாரிஸ் என்ற ஆயர் இரத்தசாட்சியாக மரித்தார். ஒரு பாராட்டும் பெறாத சபையின் ஆயரை, ஆசியாவின் பெரிய சுடர்களில் ஒருவராக எபேசின் ஆயர் பொலிக்ராத்தேஸ் பெயர் சொல்லி எண்ணுகிறார். சகாரிஸ் மரித்த அந்த நாட்களில் பஸ்காவை எப்போது ஆசரிப்பதென்று ஊரில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகச் சர்தையின் ஆயர் மெலித்தோ குறித்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் இதே ஊரில் ஆயர்கள் கூடி விதிகள் வகுத்தார்கள். குருக்கள் மதுக்கடைக்குள் நுழையலாகாது என்பது அவற்றில் ஒன்று. அன்பின் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் பங்கைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இன்னொன்று.