ஹைவேயில் 100-க்குப் பதில் 80-இல் போனால் என்ன மிச்சம்? ஒரு கணக்கு

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், வளைகுடாவில் பதற்றம் என்று செய்தி வரும்போதெல்லாம், யாராவது ஒருவர் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வருவார்: "நெடுஞ்சாலையில வேக வரம்பைக் குறைச்சுட்டா எரிபொருள் மிச்சமாகுமே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் காருக்கு மிச்சமாகுமா என்பது ஒன்று. நாட்டுக்கு மிச்சமாகுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு பதில், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே ஆகும். இரண்டாவதற்கு பதில் அவ்வளவு உற்சாகமாக இல்லை.

வேகம் கூடினால் மைலேஜ் ஏன் விழுகிறது?

ஊருக்குள் ஓட்டும்போது பெட்ரோலைக் குடிப்பது சிக்னலும் பிரேக்கும். ஹைவேயில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ள ஆகும் ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. 120-இல் போனால் 80-இல் ஆவதைப் போல இரண்டே கால் மடங்கு. கூரையில் கேரியர் மாட்டி, அதன்மேல் சூட்கேஸ் கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

அப்படியென்றால் 30-இல் உருட்டினால் இன்னும் மிச்சமா? இல்லை. இன்ஜின் சும்மா சுற்றவும் ஏசி ஓடவும் எரிபொருள் ஆகிக்கொண்டேதான் இருக்கும். மெதுவாகப் போகப்போக அந்தச் செலவு ஒவ்வொரு கிலோமீட்டர் மீதும் அதிகமாக ஏறும். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது 45 முதல் 55 கி.மீ. வேகம், 80-இல் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்கிறது. அதில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது எல்லாம் கூடிவந்தால் கிடைக்கிற உச்சம். தவிர, தேசிய நெடுஞ்சாலையில் 50-இல் போய்ப் பாருங்கள், பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனிலேயே பதில் சொல்லிவிடுவார்.

உங்கள் பர்ஸுக்கு என்ன வரும்?

சென்னை–பெங்களூரு பயணத்தில் ஊருக்குள் ஊர்வதைக் கழித்து, ஹைவே மட்டும் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். உங்களுடையது ஒரு சாதாரண பெட்ரோல் கார்: 120-இல் லிட்டருக்கு 15 கி.மீ., 100-இல் 18, 80-இல் 21 தருகிறது என்று கொள்வோம். எண்கள் காருக்குக் கார் மாறும், போக்கு மாறாது.

100-இல் போனால் 3 மணி நேரம், 16.7 லிட்டர். 80-இல் போனால் 3 மணி 45 நிமிடம், 14.3 லிட்டர். ஆக, 45 நிமிடம் கொடுத்து சுமார் 240 ரூபாய் வாங்குகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 320 ரூபாய். காரில் நான்கு பேர் இருந்தால் தலைக்கு 80 ரூபாய். "என் நேரத்துக்கு இதைவிட மதிப்பு உண்டு" என்று நீங்கள் சொன்னால் மறுக்க முடியாது.

இப்போது 120-ஐயும் 100-ஐயும் ஒப்பிடுங்கள். 120-இல் 20 லிட்டர், இரண்டரை மணி நேரம். 100-க்கு இறங்கினால் அரை மணி நேரம் கூடும், 330 ரூபாய் மிஞ்சும். மணிக்கு 660 ரூபாய். அதாவது வேகத்தின் மேல்நுனிதான் ரொம்ப காஸ்ட்லி. அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே பெரிய பங்கு மிச்சமாகிறது. கீழே வரவர லாபம் சுருங்குகிறது. அதுவும் அந்த அரை மணி நேரம் முழுசாக உங்கள் கைக்கு வருவதில்லை. வேகமாகப் போய்ச் சேமித்ததில் ஒரு பகுதியை ஓசூர் ரோடு டிராஃபிக் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஊருக்குள் நன்றாகத் தரும் ரேஞ்ச், ஹைவேயில் 100-ஐத் தாண்டியதும் சரசரவென்று இறங்கும். கொஞ்சம் மெதுவாகப் போய் ஒரு சார்ஜிங் நிறுத்தத்தைத் தவிர்க்க முடிந்தால், சில சமயம் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்துவிடலாம்.

சரி, சட்டமாகவே போட்டுவிட்டால்?

இதைப் பெரிய அளவில் செய்துபார்த்த நாடு அமெரிக்கா. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 ஜனவரியில் அதிபர் நிக்ஸன் நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கி.மீ., என்று வரம்பு வைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எரிபொருள் எவ்வளவு மிஞ்சியது? பிற்கால மதிப்பீடுகள் பெரும்பாலும் 1 சதவீதம், அல்லது அதற்கும் கீழே என்றுதான் சொல்கின்றன. நிறைய பேர் வரம்பை மதிக்கவே இல்லை. 1987-இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்குத் தளர்த்தி, 1995-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். லிபியா நெருக்கடியின்போது 2011-இல் ஸ்பெயின் 120-ஐ 110 ஆக்கியது. நான்கே மாதங்களில் பழையபடி 120.

2022-இல் யுக்ரேன் போர் தொடங்கியதும் சர்வதேச எரிசக்தி முகமை இதே யோசனையை மறுபடி எடுத்தது. வளர்ந்த நாடுகள் 10 கி.மீ. குறைத்தால் கார்கள், லாரிகள் இரண்டிலும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 4.3 லட்சம் பீப்பாய் மிச்சம் என்றது. பெரிய எண்தான். ஆனால் அந்த நாடுகளின் மொத்தப் பயன்பாட்டில் அதுவும் ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

இந்தியாவில் அந்த அளவுகூடக் கிடைப்பது கஷ்டம். நம் பெட்ரோலில் சுமார் 60 சதவீதத்தைக் குடிப்பது இருசக்கர வாகனங்கள் என்று அரசுக்காக 2013-இல் நடந்த ஆய்வு சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை ஊருக்குள் ஓடுபவை. டீசலில் பெரிய பங்கு லாரிகளுக்கு. அவற்றுக்கோ ஏற்கெனவே 80-இல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். பாரம் ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் அதற்கும் கீழேதான் ஓடுகின்றன. ஓர் இந்திய லாரி நாளொன்றுக்குச் சராசரியாக 300 கி.மீ. அளவில்தான் நகர்கிறது என்பது சரக்குத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அவர்களுடைய டீசல் போவது நெரிசலிலும் கூடுதல் பாரத்திலும் காற்று குறைந்த டயரிலும். ஆக, வரம்பைக் குறைத்தால் வேகம் குறைய வேண்டியவர்கள் 90-க்கு மேல் போகிற கார்காரர்கள் மட்டும். நாட்டு எரிபொருள் கணக்கில் அது சின்ன துண்டு.

அப்போ வேலைக்கே ஆகாதா?

எரிபொருளை மட்டும் காரணமாகச் சொன்னால் ஆகாது. ஆனால் அமெரிக்காவில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 1973-இல் சுமார் 54,000 ஆக இருந்த சாலை மரணங்கள் அடுத்த ஆண்டே 45,000 அளவுக்கு இறங்கின. மக்கள் பயணத்தையே குறைத்துக்கொண்டதும் அதில் சேரும். இருந்தாலும் வேகத்துக்கும் பங்கு உண்டு.

நம் ஊர் எண்கள் இதைவிடக் கனமானவை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீத மரணங்களுக்குக் காவல்துறை பதிவுகள் சொல்லும் காரணம் அதிவேகம். அந்தப் பதிவுகள் சாலை வடிவமைப்பின் தவறுகளையும் சேர்த்து ஓட்டுநர் தலையில் கட்டிவிடுகின்றன என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 100-இல் மோதுவதும் 80-இல் மோதுவதும் ஒன்றல்ல. மோதலின் ஆற்றலும் அதே வர்க்கக் கணக்கில்தான் ஏறுகிறது.

இங்கே பலகையைவிடக் கண்காணிப்புதான் முக்கியம். பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலை திறந்த புதிதில் தொடர்ந்து விபத்துகள். 2023-இல் பைக்குகளையும் ஆட்டோக்களையும் பிரதான பாதையிலிருந்து விலக்கி, வேகக் கண்காணிப்பைக் கெடுபிடியாக்கிய பிறகு மரணங்கள் கணிசமாகக் குறைந்தன.

இந்தியாவில் விவாதம் என்னவோ எதிர்த்திசையில்தான் ஓடுகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நான்குவழிச் சாலையில் 100 என்று உயர்த்தியது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு நிதின் கட்கரி எக்ஸ்பிரஸ்வேக்களில் 140 வரை போகலாம் என்று பேசினார்.

மாநிலங்கள் தங்கள் பகுதியில் வரம்பைக் குறைத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. அதனால் ஒரே பயணத்தில் பலகைகள் மாறிக்கொண்டே வரும். மேப்ஸ் காட்டும் எண்ணை நம்பாமல் சாலையோரப் பலகையைப் பாருங்கள். காருக்கு அதிவேக அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 வரை. மேலே போட்ட கணக்குப்படி, நான்கு பயணங்களில் 80-இல் போய் மிச்சம் பிடித்ததை ஒரு சலான் வாங்கிக்கொண்டு போய்விடும்.