மைத்துனன் கையிலிருந்த கயிறு

கொற்கை முத்தின் ஒளியைப் பற்றி நம் இலக்கிய வகுப்புகளில் நிறையவே பேசுகிறோம். அதை எடுத்து வந்தவனின் மூச்சைப் பற்றிப் பேசுவது அரிது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பின் வரலாறு, கடலடியில் இருப்பவனின் உயிர் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறும் ஆகும்.

குளியாள் கனத்த கல்லில் கால் பதித்து இறங்குவான். ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்திற்குள் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவான். கயிற்றை அசைத்தால் படகிலிருப்பவர் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுக்க வேண்டும் என்பது கடற்கரையில் வழங்கிவரும் மரபு. தங்கையின் தாலியை அறுக்கத் துணியமாட்டான் அல்லவா! (13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக எழுதுகிறார். கயிறு பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று அவர் கேட்டிருக்கலாம்.)

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் முதுகில் காற்றுச் சிலிண்டருடன் அதே முத்துப் பார்களில் இறங்கிக் கடலடியை ஆராய்ந்தனர். கயிற்றின் இடத்தை இப்போது ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி பிடித்துக்கொண்டது.

அதன் பிறப்பு கடலில் அன்று என்பது சுவையான செய்தி. 1860இல் சுரங்க விபத்துகளில் மூச்சுத் திணறுவோருக்காக ருக்கேரோல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒன்றை அமைத்தார். கடற்படை அதிகாரி தெனேரூஸ் அதை நீருக்கு ஏற்றதாக்கினார். 1943இல் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய கருவிக்கோ, போர்க்காலத்தில் பெட்ரோல் இன்றி எரிவாயுவில் ஓடிய மோட்டார் வண்டிகளின் வால்வு மூலமாயிற்று.

சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். அதை நேரே நுரையீரலுக்குள் விட முடியாது. முதற்கட்டம் அதனைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் அளவே கூடுதலாகக் குறைக்கிறது. வாயிலிருக்கும் இரண்டாங்கட்டம் நீரழுத்தத்திற்கே இறக்கிவிடுகிறது. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரமுள்ள நம் பூண்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். இந்த மாற்றத்திற்கு இவ்வளவு மலை ஏறவேண்டும். கடலிலோ பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிறது. மெல்லிய சவ்வு ஒன்றும் அதைத் தொட்டிருக்கும் நெம்புகோலும் இந்த மாற்றத்தை மூச்சுக்கு மூச்சு அளந்து காற்றைத் தருகின்றன. (தூத்துக்குடியில் முழுகிய கையோடு கொடைக்கானல் ஏற நினைப்போர் பொறுத்திருப்பது நல்லது. முழுகியபின் விமானம் ஏறுவோருக்குரிய எச்சரிக்கை மலைப்பாதைக்கும் பொருந்தும்.)

உப்பு இந்தக் கருவியின் பகை. ஆகவே உரிய காலத்தில் முழுவதும் பிரித்துப் பழுதுபார்க்கிறார்கள். பித்தளை ஊசியால் ரப்பர் வளையங்களை நெம்பி எடுப்பார்கள். எஃகு ஊசி பள்ளத்தில் கீறிவிட்டால் அவ்வழியே காற்று கசியும். உலோகப் பகுதிகளை மென்மையான அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பச்சைக் களிம்பை நீக்கிக் கழுவுவார்கள். வளையங்களும் வால்வு அமரும் இருக்கையும் புதியனவாகும். மெல்லிய மசகு பூசி, பிரித்ததற்கு எதிர்வரிசையில் பூட்டுவார்கள். அதன்பின் இடையழுத்தமானியைப் பொருத்திக் காத்திருக்க வேண்டும். முள் ஓரிடத்தில் நின்றால் நன்று. மெல்ல மெல்ல ஏறினால் இருக்கை சரியாக அமரவில்லை. மீண்டும் பிரிக்கத்தான் வேண்டும்.

கருவியை வகுத்தவர்களும் மைத்துனன் அளவுக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள். முதற்கட்டம் கசிந்து அழுத்தம் ஏறினால், இரண்டாங்கட்ட வால்வு அடைத்துக்கொள்ளாது. திறந்து காற்றைக் கொட்டும். சிலிண்டர் விரைவில் தீரும், ஆனால் மேலேறும் வரை மூச்சு கிடைக்கும். வளையத்தை மாற்றியவர் எங்கோ ஒரு பட்டறையில் இருக்கிறார். குளிப்பவர் அவர் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். படகின் விளிம்பில் அமர்ந்து, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி நாலைந்து முறை மூச்சிழுத்துப் பார்க்கிறார். முள் ஆடாதிருந்தால் இறங்குகிறார்.