மணிலாவிலிருந்து வந்த மல்லாட்டை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெளியே கால் வைக்க முடியாது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. இந்த மாதிரி நாளில், வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், உங்களுக்கு என்ன சாப்பிடத் தோன்றும்? வெங்காய பஜ்ஜி? சூடாக ரசம் சாதம்? அல்லது அவித்த மல்லாட்டையா?

கடைசியாகச் சொன்ன பதார்த்தம் புரியவில்லை என்றால், நீங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர் இல்லை என்று அர்த்தம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் ‘கடலை’ என்று கேட்டால் கடைக்காரர் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார்!

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி. குடிகாட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். மத்தியானம் இரண்டு மணிக்கே டி.வி. முன்னால் வீடு கூடிவிட்டது. அத்தையின் பேரன் செல்போனில் பீட்சா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், மேட்ச்சு பாக்கறதுக்கு அது எதுக்குடா? குண்டான் நெறைய மல்லாட்ட அவிச்சி வச்சிருக்கேன். ராத்திரிக்கு சம்பா சாதமும் கொத்சும். நம்ம ஊரு சாப்பாட்ட விட்டுட்டு வெளிநாட்டுப் பண்டத்துக்கு அலையறான் பாரு” என்றார் அத்தை.

“ஆயா, மல்லாட்டயே வெளிநாடுதான். எங்க மிஸ் சொன்னாங்க” என்றான் அவன்.

அத்தை என்னைப் பார்த்தார். ‘நீதான் பத்திரிகையில் எழுதுகிறவன் ஆச்சே, சொல்லு’ என்கிற பார்வை. என்ன செய்வது? பையன் சொன்னது சரி.

மல்லாட்டை என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மணிலாக்கொட்டை... மல்லாக்கொட்டை... மல்லாட்டை. மணிலா என்பது பிலிப்பைன்ஸின் தலைநகரம். வேர்க்கடலையின் பிறந்த வீடு அதுவும் இல்லை, தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை, இருநூற்று ஐம்பது வருடம், மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் நடுவே ஸ்பெயின்காரர்களின் பெரிய பாய்மரக் கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன. அவர்கள் ஏற்றி வந்தது முக்கியமாக வெள்ளி. வெள்ளியோடு அமெரிக்கப் பயிர்களும் ஆசியாவுக்குள் இறங்கின. எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குப் பசிபிக் கடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்தக் கப்பல் நின்ற துறைமுகத்தின் பெயரை இன்றைக்கும் வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறார்கள்!

வந்த பயிர் தென்னாற்காட்டின் செம்மண்ணைப் பிடித்துக்கொண்டது. 19-ம் நூற்றாண்டில் பக்கத்துப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக வேர்க்கடலை பிரான்ஸ் நாட்டு மார்செய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சோப்பு காய்ச்சினார்கள். ஐரோப்பியக் கனவான்கள் கை கழுவிய நுரையில் எங்கள் மானாவாரிக் கொல்லையின் பங்கும் இருந்தது.

சரி, மல்லாட்டை போகட்டும். கொத்சு?

சிதம்பரம் கொத்சைச் சாப்பிட்டிருக்கிறீர்கள்தானே? பிஞ்சுக் கத்தரிக்காய், புளிக்கரைசல், வறுத்துப் பொடித்த தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், தாராளமாக நல்லெண்ணெய். கத்தரி நம் நாட்டுக்காரர், சந்தேகமில்லை. புளியின் பூர்விகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். ஆனால் வந்து ஆயிரக்கணக்கான வருடமாகிவிட்டதால் குடியுரிமை கொடுத்துவிடலாம். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் சரக்கு. நூற்றாண்டுகளாகத் தின்றோமே தவிர, இந்திய மண்ணில் விஞ்ஞானிகள் அதை முறையாக நட்டுப் பார்த்தது 2020 அக்டோபரில், இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில்!

மிளகாய்தான் ருசியான கதை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-ல் மிளகைத் தேடிக் கிளம்பி, தப்பான இடத்தில் இறங்கி, தப்பான காரத்தைக் கண்டுபிடித்தார். 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் கடித்துப் பார்த்தார்கள். உறைப்பு! மிளகு போலவே உறைக்கிற காய்... மிளகு காய்... மிளகாய்! பெயர் வைக்கிற விஷயத்தில் தமிழன் ரொம்பச் சிக்கனம்.

அதற்கு முன்னால் காரம் என்றால் முக்கியமாக மிளகு. சங்கத் தமிழில் ‘கறி’ என்றாலே மிளகுதான். சிதம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் பூம்புகார்த் துறைமுகத்தில் மிளகு மூட்டைகள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைக்கும் பல பழைய கோயில்களின் மடைப்பள்ளியில் மிளகாய்க்கு இடமில்லை. சில வீடுகளில் தெவசச் சமையலிலும் அப்படித்தான்: மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. ஏன் என்று கேட்டால் ‘வழக்கம்’ என்பார்கள். இறந்துபோன முப்பாட்டனார் வந்து சாப்பிடும்போது, அவருக்குத் தெரியாத காயைப் போட்டு பயமுறுத்தக் கூடாது அல்லவா!

இப்போது சம்பா சாதத்தைப் பாருங்கள். தில்லை நடராசர் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் சாதம். உதிர் உதிராக வடித்த சோறு, நெய், பொடித்த மிளகும் சீரகமும், உப்பு. அவ்வளவுதான். மிளகாய் கிடையாது. அதாவது, ஒரே இலையில் சாதம் கப்பல் வருவதற்கு முந்திய ருசி. பக்கத்தில் இருக்கும் கொத்சு கப்பல் வந்த பிந்திய ருசி. நடுவில் ஒரு கவளம்தான் தூரம்.

அந்தக் கப்பல்கள் வந்த கரையும் ரொம்ப தூரத்தில் இல்லை. குடிகாட்டிலிருந்து தெற்கே போனால் பரங்கிப்பேட்டை, போர்த்துக்கீசியர்கள் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். ‘பிராங்க்’ என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபிகள் வாயில் ‘பரஞ்சி’யாகி, நம் வாயில் ‘பரங்கி’ ஆனது. பரங்கிக்காரன் கொண்டுவந்த காய், பரங்கிக்காய். மலையாளத்தில் முந்திரி மரத்துக்கே பரங்கிமாவு என்று பெயர். பண்ருட்டி முந்திரியின் மூதாதை பிரேசில்காரர்தான். வடக்கே கடலூர்க் கரையிலோ டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று ஒரே நெரிசல். 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, பீரங்கியை நாலு பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை இருந்த கிராமங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ‘குண்டு கிராமங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. ரியல் எஸ்டேட்டில் இதைவிட சுலபமான அளவை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் வீட்டு வாசலில் பரங்கிக்காயை அடுக்குகிறார்கள். நவம்பரில் குடும்பம் கூடும் நன்றி நவிலும் நாளில் அதில் இனிப்பு செய்து சாப்பிடுகிறார்கள். நாம் மார்கழியில் பரங்கிப்பூவைச் சாணிப் பிள்ளையார் தலையில் வைக்கிறோம். பொங்கலுக்குக் கூட்டு வைக்கிறோம். மெக்சிகோவில் ஒரு குகையில் கிடைத்த பூசணி இன விதைகளுக்கு வயது சுமார் பத்தாயிரம் வருடம் என்று 1997-ல் கணக்கிட்டார்கள். ஒரே கொடியின் இரண்டு கிளை வீடுகள்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, இந்தியாவின் விக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. 240-க்கு ஆட்டம் முடிந்தது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கிரிக்கெட்டுக்காக இல்லை.

“அப்ப எதுதான்டா நம்முளுது? சம்பா சோறாவது நம்முளுதா, அதுவும் கப்பல்ல வந்துச்சா?”

“அது நம்முளுதுதான் அத்தை. என்ன அரிசி போட்டிருக்கீங்க?”

“பொன்னிதான். கடையில வாங்குனது.”

வசமாக மாட்டிக்கொண்டோம் இருவரும். பொன்னி என்றால் காவிரி. பெயரைக் கேட்டால் ராஜராஜ சோழன் சாப்பிட்ட அரிசி போலத் தோன்றும். உண்மையில் அதன் மூலம் மலேசியாவின் மாசூரி என்ற நெல். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986-ல் தமிழ்நாட்டில் வெளியிடப்பட்டது. சம்பா சாதத்தில் சம்பா இல்லை!

சொன்னதும் அத்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்.

“புவனகிரி பக்கம் நம்ம நெலத்துல உங்க தாத்தா கிச்சிலிச் சம்பா போடுவாரு தம்பி. சோறு வடிச்சா தெருவுல போறவங்க நின்னுட்டுப் போவாங்க. ஆனா ஒண்ணு... அந்தச் சோத்த இந்த மாசத்துல நான் தின்னதில்ல.”

“ஏன்?”

“தை அறுப்பு நெல்லு ஆவணி வரைக்கும் தாங்கும். அப்புறம் குதிரு காலி. ஐப்பசி, கார்த்திகை மழையில கேவுரு கூழுதான், வள்ளிக்கெழங்குதான். வயலு பச்சையா நிக்கும், பானையில ஒண்ணும் இருக்காது. மழ பேஞ்சா எங்கம்மா அழுவும். நீங்க மழ பேஞ்சா பஜ்ஜி கேக்குறீங்க.”

இந்த இடத்தில் நான் எழுத வந்த கட்டுரை கொஞ்சம் தடம் மாறிவிட்டது, வாசகர்களே.

சம்பா என்பது நெல்லின் பெயர் மட்டுமில்லை, பருவத்தின் பெயரும்கூட. ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது. ஐந்து, ஆறு மாதப் பயிர். முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரியும், 1836-ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணையும் தண்ணீர் கொடுத்தாலும், கடைமடையில் பல ஊர்களுக்கு ஒரே போகம்தான். அதில் ஒரு புயல் அடித்தால் வருடமே போச்சு. 1960-களின் நடுவில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற பேச்சு ஏன் அப்படி எடுபட்டது என்று அத்தையைக் கேட்டால் தெரியும்.

அப்போதுதான் ஐ.ஆர்.8 வந்தது. 1966-ல் வெளியிட்டது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். அது இருப்பது லாஸ் பானோஸில். அது எங்கே? மணிலாவுக்குப் பக்கத்தில்! மல்லாட்டைக்குப் பெயர் கொடுத்த அதே மணிலா, இரண்டாவது முறையாக நம் வீட்டுப் பானைக்குள் கை வைத்தது. இந்தோனேசிய நெல்லும் தைவான் குட்டை நெல்லும் சேர்ந்த பிள்ளை. ஏறக்குறைய நாலரை மாதத்தில் அறுவடை. உரம் போட்டால் சாயாமல் நின்று விளைந்தது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே ‘ஐ.ஆர்.எட்டு’ என்று பெயர் வைத்தார் என்றால் பாருங்கள்.

“தாத்தா எப்ப மாறினாரு அத்தை?”

“எங் கல்யாணத்துக்கு மொத வருஷம். சோறு கல்லு மாதிரி இருந்துச்சு. ருசியே இல்ல. ஆனா வயிறு நெறஞ்சிது.”

ருசியே இல்ல, ஆனா வயிறு நெறஞ்சிது. இதைக் கேட்ட பிறகு ‘அந்தக் காலச் சாப்பாடே சாப்பாடு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்காக, போனது போகட்டும் என்று சொல்லவும் மனசு வரவில்லை. கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, கருங்குறுவை, காட்டுயானம், உப்புத் தண்ணீரிலும் பிழைக்கிற குழியடிச்சான்... ஒவ்வொன்றும் ஒரு மண்ணுக்கும் ஒரு மழைக்கும் என்று நம் ஆட்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க் கரைக்கு, உப்பு தாங்கும் நெல்லின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் வந்தபோது மிளகு அஞ்சறைப் பெட்டியை விட்டுப் போகவில்லை. புது நெல் வந்தபோது மட்டும் பழைய நெல் வயலைவிட்டே கிளம்பிவிட்டது. விதை நெல்லை மிளகு மாதிரி டப்பாவில் போட்டுவைக்க முடியாதே. விதைத்தால்தான் இருக்கும்.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் நெல் ஜெயராமன் அதைத்தான் செய்தார். இரண்டு கிலோ விதை இலவசம், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படியே 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். 2018 டிசம்பர் 6-ல் அவர் இறந்தபோது அந்த விதைகள் பல ஊர் வயல்களில் நின்றுகொண்டிருந்தன.

அன்றைக்கு ஆஸ்திரேலியா 43 ஓவரில் ஜெயித்துவிட்டது. சாதம் ஆறிப்போய், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவித்த மல்லாட்டைக் குண்டான் மட்டும் காலி. தோல் மலை மாதிரி குவிந்து கிடந்தது.

தை மாதம் சிதம்பரத்தில் ஒரு இயற்கை அங்காடியில் இரண்டு கிலோ கிச்சிலிச் சம்பா கிடைத்தது. விலை பொன்னியைவிட அதிகம். குடிகாட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் களையப் போனார். உலை கொதித்து, கஞ்சி வடித்து, நெய்யில் மிளகு சீரகம் பொரிகிற வரைக்கும் யாரையும் அடுக்களைக்குள் விடவில்லை. முதல் வாயை அவரே சாப்பிட்டார்.

“எப்படி இருக்கு அத்தை?”

“எங்கப்பா போட்டது இன்னும் கொஞ்சம் வாசமா இருக்கும்” என்றார். அப்புறம் இன்னொரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பேரனும் தட்டை நீட்டினான். “சோறு நல்லாருக்கு ஆயா. கொத்சு மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்து, காரமா இருக்கு.”