3-நைட்ரோபுரோப்பியானிக் அமிலம்

3-நைட்ரோபுரோப்பியானிக் அமிலம், ஆர்த்ரினியம் முதலிய சில பூஞ்சைகள் சுரக்கும் நச்சு. குருக்கத்திக் கொடியிலும் அவுரிப் பேரினத்தின் சில செடிகளிலும்கூட இது உள்ளது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி, மூளையைச் சிதைக்கிறது.

இந்த நச்சின் கொடுமையைப் பெரிய அளவில் காட்டியது வட சீனா. தெற்கில் வெட்டிய கரும்பை வடக்கே கொண்டுபோய்க் குளிர்காலம் முழுவதும் சேமித்து வைத்திருந்து விற்பார்கள். அதில் பூஞ்சை பிடித்தது. 1972 முதல் 1980-களின் இறுதி வரை அதைத் தின்ற 800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்தார். பெரும்பாலோர் குழந்தைகள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பிறகு வலிப்பு, மயக்கம். உயிர் பிழைத்த குழந்தைகள் சிலருக்குக் கைகால்கள் தாமாகவே முறுக்கிக்கொள்ளும் தசை இறுக்கம் பின்னர் தோன்றி, நிலைத்துவிட்டது.

இதன் இலக்கு சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் ஒரே நொதி. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் இந்நொதிக்கு இரண்டு பொறுப்புகள்: கிரெப்ஸ் சுழற்சியில் சக்சினேட்டை ஃபுமரேட்டாக மாற்றுகிறது, அப்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை எலக்ட்ரான் கடத்துச் சங்கிலிக்குள் செலுத்துகிறது. நச்சின் மூலக்கூறு சக்சினேட்டை மிகவும் ஒத்திருப்பதால் நொதி அதையே பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு இரண்டும் வேதிப்பிணைப்பால் ஒன்றாகி, நொதி மீளாமல் செயலிழக்கிறது என்பது 1977-இல் தெரியவந்தது. புதிய நொதி உருவானால்தான் வேலை மீண்டும் தொடங்கும்.

நொதி முடங்குவதால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைகிறது. அது குறைந்ததும் நரம்புச் செல்லால் தன் சவ்வின் மின்னழுத்தத்தைக் காக்க முடிவதில்லை. அதனால், குளூட்டமேட் என்னும் நரம்புத் தூதுப்பொருளின் ஏற்பிகளை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகுகிறது. வழக்கமான அளவு குளூட்டமேட்டே கால்சியத்தை உள்ளே பெருக வைக்கப் போதுமானதாகிவிடுகிறது. அந்தக் கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவை மேலும் நைத்துச் செல்லைக் கொல்கிறது. எல்லாச் செல்களிலும் இந்நொதி இருந்தும், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்னும் மூளைப் பகுதியே முதலில் அழிவது வியப்புக்குரியது. ஹன்டிங்டன் நோயிலும் அதே பகுதி சிதைகிறது. அந்நோய் மரபணுக் கோளாறால் வருவது; ஆயினும் அதன் போக்கை ஆராய, 1990-களிலிருந்து இந்த நச்சை எலிகளுக்குச் செலுத்தி வருகிறார்கள்.

இதற்கு மாற்று மருந்து இல்லை. கரும்போடு ஆபத்து முடிந்துவிடவும் இல்லை: டென்மார்க்கில் கெட்டுப்போன தேங்காயின் நீரைச் சிறிதளவே குடித்த ஒருவர் இந்த நச்சால் இறந்ததை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர்.