விழுந்த பரிசும் வராத வாடகையும்

பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். கிரிப்டோவில் கை வைத்திருக்கிறார். ஒரு நாணயத்தை 2 லட்சத்துக்கு வாங்கி மூன்றரை லட்சத்துக்கு விற்றார். இன்னொன்றை 3 லட்சத்துக்கு வாங்கி, விலை சரிந்ததும் பயந்துபோய் 1 லட்சத்துக்குத் தள்ளிவிட்டார். கூட்டிக் கழித்தால் 50,000 ரூபாய் போச்சு. ஆனால் ஆடிட்டர் 46,800 ரூபாய் வரி கட்டச் சொல்கிறாராம். "நஷ்டத்துக்கும் வரியா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார்.

ஆடிட்டர் கணக்கு சரிதான். இது எந்த ஊர் நியாயம் என்று பார்க்கப் போனால், கதை கிண்டி குதிரைப் பந்தயம் வரைக்கும் போகிறது. பொறுமை இருப்பவர்கள் மேலே படிக்கலாம் :-)

இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் வில்சன். லண்டனில் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கிய அதே ஆள்தான். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. 1860-ல் 200 ரூபாய்க்கு மேல் ஆண்டு வருமானம் உள்ளவர்கள் மீது வரி போட்டார். அதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன். தன் ஆட்சேபத்தைப் பத்திரிகையில் வெளியிட்டே விட்டார். பதவி போனது, லண்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். வரி மட்டும் தங்கிவிட்டது. நடுவில் சில வருடங்கள் நிறுத்தினாலும் திரும்பத் திரும்ப வந்தது.

ஆனால் பரிசுப் பணம் அந்த வலையில் விழவில்லை. 1922 வருமான வரிச் சட்டம், எப்போதோ ஒருமுறை தற்செயலாக வரும் பணத்தை விட்டுவிட்டது. 1932-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் வருமானத்தை மரத்தின் கனிக்கும் வயலின் விளைச்சலுக்கும் ஒப்பிட்டது. மரம் இருக்க வேண்டும், அது காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாட்டரிக்கு ஏது மரம்? 1961 சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்ந்தது. பிரிட்டனில் சூதாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு இன்றைக்கும் வருமான வரி கிடையாது.

1967-ல் கேரளா லாட்டரி தொடங்கியது. 1968-ல் தமிழ்நாடு. பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி கட்டி டிக்கெட் விற்ற காட்சி நம்மில் நரை விழுந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பரிசு விழுந்தால் வரி கிடையாது. இதில் சாமர்த்தியசாலிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணக்கில் காட்டாத பணம் வைத்திருப்பவர், ஜெயித்த டிக்கெட்டை அதன் சொந்தக்காரரிடமிருந்து கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். பிறகு "எனக்குப் பரிசு விழுந்தது" என்று சொல்லிவிட்டால் போதும், கறுப்பு வெள்ளையாகிவிடும்.

இதற்குச் சாட்சியாக ஒரு வழக்கு இருக்கிறது. பெங்களூரில் கலைப்பொருள் வியாபாரம் செய்த ஒரு பெண்மணி, 1970-களின் தொடக்கத்தில், ஒரே வருடத்தில் குதிரைப் பந்தயத்தில் 3 லட்சத்துக்கு மேல் ஜெயித்ததாகக் கணக்குக் காட்டினார். பெங்களூர், சென்னை, ஹைதராபாத் என்று மூன்று ஊரிலும் ஜாக்பாட். ஜாக்பாட் என்றால் ஒரே நாளில் ஐந்து பந்தயங்களின் முடிவைச் சரியாகச் சொல்ல வேண்டும். விசாரித்தால், அவருக்குப் பந்தயத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பந்தய நாட்களில் டிக்கெட் வாங்கப் பணம் எடுத்ததற்கும் கணக்கில் தடயம் இல்லை. தோற்றதற்கும் பதிவு இல்லை, ஜெயித்தது மட்டும்தான்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-ல்தான் முடிந்தது. மனித அனுபவத்துக்கு ஒத்துவராத கதை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இன்றைக்கும் வரி வழக்குகளில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே சட்டம் மாறிவிட்டது. 1972 பட்ஜெட்டில் லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், பந்தயம் கட்டுதல் எல்லாமே 'வருமானம்' ஆயின. 1986 நிதிச் சட்டம் இவற்றுக்குத் தனியாக 40 சதவீதம் வைத்தது. 2001-ல் அது 30 ஆகக் குறைந்தது. தோற்ற டிக்கெட்டின் விலையைக் கழிக்க முடியாது. அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது. வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசிக்கு விழுந்தாலும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்தான். 1996-ல் சென்னை ரேஸ் கிளப் வழக்கில், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வரிக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, 30 சதவீதத்தை எடுத்து வை.

இப்போது நண்பர் விஷயத்துக்கு வருவோம். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரிகளுக்குச் சேவை செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம்மூர்க்காரரான நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். 2022 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் வரியை அறிவித்தார். லாபத்தில் 30 சதவீதம், வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது, ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு சேர்க்க முடியாது. பங்குச் சந்தையில் சேர்க்கலாம். இங்கே மட்டும் லாட்டரி அச்சு. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒரு சொத்து என்றே சொல்லிவிட்டது. சொத்து என்றால் சொத்துக்குரிய மரியாதை வேண்டாமா என்பது என் கட்சி.

வீட்டு வாடகையில் கதை தலைகீழ். 1922 சட்டம் பரிசை விட்டுவிட்டது, ஆனால் வீட்டின் 'ஆண்டு மதிப்பு' மீது வரி போட்டது. வாடகை வந்ததா என்பதல்ல, வந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதே கேள்வி. புனேயில் ஒரு ஃபிளாட், கும்பகோணத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு என்று இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கற்பனை வாடகை பெரிய தலைவலியாக இருந்தது. 2019 பட்ஜெட்டில்தான் இரண்டு வீடுகள் வரை விட்டார்கள். மூன்றாவது வீடு இருந்தால் இன்னமும் கணக்கு உண்டு. நிஜமாகவே வாடகைக்கு விட்டால், வீட்டு வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் தள்ளுபடி. மாதம் 12,000 என்றால் வருடம் 1,44,000. வீட்டு வரி 4,000 போக 1,40,000. அதில் 42,000 தள்ளி, 98,000-க்கு மட்டும் வரி. ஒரு ஆணி கூட அடிக்காவிட்டாலும் அந்த 42,000 உண்டு. அண்ணன் தம்பிகள் பெயரில் பாகம் பிரிந்திருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் காட்ட வேண்டும். "அண்ணன்தான் வாடகை வாங்குகிறார்" என்பது வரி அலுவலகத்தில் செல்லாது.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். விற்கும்போதே ஒரு சதவீதம், அதாவது 4,500 ரூபாய், டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள், மீதி 42,300 கட்டினால் போதும் என்றேன். கட்டிவிட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.